ஏழு பேருக்கு ஒரு வண்டி: மைலேஜ் கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

பெரிய குடும்பத்துக்கு எரிபொருளை அதிகம் குடிக்காத வண்டி எது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைப் பற்றிய கேள்விகள் ஒன்றாகச் சேர்க்கப்பட்டுள்ளன.

கேள்வி: நாங்கள் கணவன் மனைவி, மூன்று பிள்ளைகள், மாமனார், மாமியார் என ஏழு பேர். இப்போது இருப்பது ஐந்து பேர் அமரும் கார். ஏழு இருக்கை வண்டிகளில் லிட்டருக்கு அதிகக் கிலோமீட்டர் கொடுப்பது எதுவோ அதையே வாங்கிவிடலாம் என்கிறார் கணவர். அது சரியான வழியா?

பதில்: அதற்கு முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஓர் ஆண்டில் நீங்கள் ஓட்டும் தூரத்தில் எத்தனை கிலோமீட்டர் ஏழு பேரும் சேர்ந்து போகிறீர்கள், எத்தனை கிலோமீட்டர் ஒருவரோ இருவரோ மட்டும் போகிறீர்கள் என்பதை முதலில் பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். இந்தப் பிரிவினை தெரியாமல் எந்த வண்டி சிக்கனம் என்று யாராலும் சொல்ல முடியாது.

எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்றும், அதில் 9,000 கிலோமீட்டர் அலுவலகம், பள்ளி, கடை என்று ஓரிருவர் மட்டும் போவது, மீதி 3,000 கிலோமீட்டர் குடும்பத்தோடு போவது என்றும் வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் ஏழு இருக்கை வண்டி ஒன்றையே எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 1,000 லிட்டர் செலவாகும். லிட்டருக்கு 18 கிலோமீட்டர் கொடுக்கும் சிறிய கார்கள் இரண்டை வைத்துக்கொண்டு, எல்லோரும் போகும்போது மட்டும் இரண்டையும் எடுத்தால் 833 லிட்டர் போதும். ஒரு சிறிய காரை வைத்துக்கொண்டு, குடும்பப் பயணத்துக்கு அந்தப் பெரிய வண்டியை வாடகைக்கு எடுத்தால் 750 லிட்டரோடு முடிந்துவிடும். ஆனால் இதே 12,000 கிலோமீட்டரில் 9,000 கிலோமீட்டர் ஏழு பேரும் சேர்ந்தே போகிறீர்கள் என்றால் நிலைமை தலைகீழாகிறது. பெரிய வண்டிக்கு அதே 1,000 லிட்டர், இரண்டு சிறிய கார்களுக்கோ 1,167 லிட்டர். ஏழு பேரோடு நிரம்பி ஓடும் பெரிய வண்டி, இரண்டு சிறிய கார்களைவிட ஆளுக்குக் குறைவாகவே எரிக்கிறது. காலியாக ஓடும்போதோ அதைப் போல் வீணடிப்பது வேறில்லை.

உங்கள் கணவர் சொல்லும் 'லிட்டருக்கு எத்தனை' என்ற அளவிலும் ஒரு கண்கட்டு இருக்கிறது. லிட்டருக்கு 8 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டியை விட்டு 10 கொடுக்கும் வண்டிக்கு மாறினால், 12,000 கிலோமீட்டருக்கு 300 லிட்டர் மிச்சமாகும். லிட்டருக்கு 16 கொடுப்பதை விட்டு 24 கொடுப்பதற்கு மாறினாலோ 250 லிட்டர்தான் மிச்சமாகும். இரண்டு கிலோமீட்டர் உயர்வு எட்டுக் கிலோமீட்டர் உயர்வை வென்றுவிடுகிறது. லாரிக், சோல் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் இருவர் 2008இல் சயின்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். மக்கள் இந்த அளவை நேர்க்கோட்டில் படித்து ஏமாறுகிறார்கள் என்பதே அவர்கள் காட்டியது. ஐரோப்பாவில் பெரும்பாலான நாடுகள் கையாளும் '100 கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்' என்ற அளவில் இந்தக் குழப்பம் வராது. நீங்களும் விளம்பரத் தாளில் உள்ள எண்ணால் 100ஐ வகுத்து, வரும் விடையை வைத்து வண்டிகளை ஒப்பிடுங்கள். பெரிய வண்டி தேவைப்படும் குடும்பங்களுக்கு இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. மிக மோசமான வண்டியிலிருந்து சுமாரான வண்டிக்கு மாறுவதிலேயே மிச்சத்தின் பெரும்பகுதி கிடைத்துவிடுகிறது. உச்சத்தில் இருக்கும் வண்டியைத் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: ஏழு இருக்கை வண்டிகளில் உயரமான எஸ்யூவி வாங்கலாமா, வேன் போன்ற எம்பிவி வாங்கலாமா? இரண்டிலும் ஏழு பேர்தானே உட்காருகிறார்கள்?

பதில்: உட்காரும் எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் எரிபொருள் ஒன்றாக இருக்காது. எஸ்யூவிகளில் காணும் உயரமான முகப்பு, அகன்ற டயர், நான்கு சக்கர இயக்கம் ஆகிய மூன்றும் எரிபொருளைக் கேட்கும் அம்சங்கள். நான்கு சக்கர இயக்கம் தேவைப்படும் சாலை உங்கள் வாழ்க்கையில் இல்லையென்றால், அதற்கான கூடுதல் எடையை வண்டியின் ஆயுள் முழுவதும் சுமந்து திரிவதில் பொருளில்லை.

அடுத்து வண்டியின் கட்டுமானத்தைப் பாருங்கள். லேடர் ஃபிரேம் எனப்படும் தனிச் சட்டகத்தின் மேல் உடலை ஏற்றிக் கட்டிய வண்டிகள் முரட்டுப் பாதைக்கும் பாரம் இழுப்பதற்கும் ஏற்றவை, ஆனால் எடை கூடியவை. உடலும் சட்டகமும் ஒன்றாகவே இணைத்துக் கட்டிய மோனோகாக் வண்டிகள் அதே இருக்கைகளைக் குறைந்த எடையில் தருகின்றன. டொயோட்டாவின் இன்னோவா கிரிஸ்டாவும் இன்னோவா ஹைகிராஸும் இதற்கு வசதியான உதாரணம். முன்னது சட்டகத்தின் மேல் கட்டிய பின்சக்கர இயக்க டீசல் வண்டி; பின்னது மோனோகாக், முன்சக்கர இயக்கம், பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடும் கிடைக்கும். பின்சக்கரத்துக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டு அடியில் இல்லாததால் தரை தாழ்ந்து, பின்வரிசையில் காலுக்கு இடமும் கூடுகிறது. சாதாரணத் தார்ச்சாலையில் போகும் குடும்பத்துக்கு எம்பிவிதான் என்பது என் கருத்து. தோற்றத்துக்காக எஸ்யூவி வேண்டும் என்பவர்களோடு நான் வாதாடுவதில்லை; அது எரிபொருள் பற்றிய கேள்வி அல்ல.

கேள்வி: விளம்பரத்தில் 20 என்று சொன்ன வண்டி எங்களுக்கு 14தான் கொடுக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அந்த எண் சோதனைக்கூடத்தில், உருளைகளின் மேல் வண்டியை நிறுத்தி, குறிப்பிட்ட வேக வரிசையில் ஓட்டி எடுக்கப்படுவது. ஐரோப்பாவில் 2017 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த டபிள்யூஎல்டிபி சோதனை 30 நிமிடம், சுமார் 23 கிலோமீட்டர், உச்ச வேகம் மணிக்கு 131 கிலோமீட்டர் என்று போகும். அதற்கு முன்பிருந்த என்இடிசி சோதனை 20 நிமிடத்துக்கும் குறைவானது, மென்மையானது. ஆகவே அதில் வந்த எண்கள் மேலும் கவர்ச்சியாக இருந்தன. அமெரிக்காவில் 2008ஆம் ஆண்டு மாடல்கள் முதல் ஏசி ஓடும் நிலை, கடுங்குளிர், அதிவேகம் ஆகியவற்றையும் சேர்த்துக் கணக்கிடுவதால் அங்கே ஒட்டப்படும் எண் பொதுவாக நடைமுறைக்குச் சற்று நெருக்கமாக இருக்கும். ஆகவே ஒரு சோதனையின் எண்ணை வேறொரு சோதனையின் எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒரே சோதனையில் ஓடிய இரு வண்டிகளை மட்டும் ஒப்பிட்டால் எந்த வண்டி எந்த வண்டியைவிட மேல் என்பது ஓரளவு சரியாகவே தெரியும்.

இந்தச் சோதனைகள் எவற்றிலும் ஏழு பேரும் அவர்களுடைய மூட்டைகளும் ஏறுவதில்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய குடும்பத்துக்கு விளம்பர எண்ணுக்கும் நிஜத்துக்கும் உள்ள இடைவெளி மற்றவர்களைவிடக் கூடுதலாக இருப்பது அதனால்தான்.

உங்கள் 14ஐ எப்படி அளந்தீர்கள் என்பதும் முக்கியம். டாஷ்போர்டில் தெரியும் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். சற்றுக் கூட்டிக் காட்டும் வண்டிகள் உண்டு. டேங்கை நிரப்பி, பம்பு தானாக நிற்கும் முதல் தடவையிலேயே நிறுத்தி, ஓடிய தூரத்தைப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். கால் டேங்க் மீதமிருக்கும் வரை ஓட்டியபின் அதே பம்பில் அதே முறையில் நிரப்பி, ஓடிய கிலோமீட்டரை இம்முறை பிடித்த லிட்டரால் வகுங்கள். மூன்று நான்கு முறை எடுத்த சராசரியைத்தான் உங்கள் வண்டியின் மைலேஜ் என்று சொல்லலாம்.

கேள்வி: பெட்ரோல், டீசல், கேஸ், ஹைபிரிட் ஆகியவற்றில் பெரிய வண்டிக்கு ஏற்றது எது?

பதில்: இது உங்கள் ஓட்டம் எங்கே நடக்கிறது என்பதைப் பொறுத்தது.

நெரிசலில் நின்று நின்று போகிறவர்களுக்கு ஹைபிரிட்தான் என்று தயக்கமின்றிச் சொல்வேன். ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள வண்டி மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தை எட்டும்போது அதனுள் ஏறக்குறைய 190 கிலோஜூல் இயக்க ஆற்றல் இருக்கும். சிக்னலில் பிரேக்கை மிதித்ததும் அவ்வளவும் பிரேக் தட்டில் சூடாகிக் காற்றில் கலந்துவிடுகிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் உண்டு என்றாலும் எஞ்சின் அதில் கால் பங்கு முதல் முப்பது சதவீதம் வரைதான் சக்கரத்துக்கு அனுப்புகிறது என்று கொண்டால், அப்படி நாற்பது ஐம்பது முறை நின்று கிளம்புவதற்கே ஒரு லிட்டர் போய்விடும். ஹைபிரிட் வண்டி பிரேக் பிடிக்கும்போது மோட்டாரை ஜெனரேட்டராக்கி இந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்துக்குத் திருப்புகிறது. நிற்கும்போது எஞ்சினை அணைத்துவிடுகிறது. வண்டி எவ்வளவு கனமோ அவ்வளவுக்கு மீட்கப்படும் ஆற்றலும் கூடும் என்பதால், சிறிய காரைவிடக் குடும்ப வண்டியில்தான் ஹைபிரிட் மிச்சப்படுத்தும் லிட்டர்கள் அதிகம். டொயோட்டா சியன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். 3.5 லிட்டர் வி6 எஞ்சினோடு வந்த 2020 மாடலுக்கு அமெரிக்கச் சோதனை எண் கேலனுக்கு 22 மைல், அதாவது லிட்டருக்குச் சுமார் 9.4 கிலோமீட்டர். 2021இல் ஹைபிரிடாக மட்டுமே வந்தபோது அது கேலனுக்கு 36 மைல், லிட்டருக்குச் சுமார் 15.3 கிலோமீட்டர் ஆயிற்று. இரண்டுமே மூன்று வரிசை இருக்கை கொண்ட வண்டிகள்தாம்.

'மைல்டு ஹைபிரிட்' என்ற பெயரைப் பார்த்து இதே பலனை எதிர்பார்க்காதீர்கள். அதிலுள்ள சிறிய மோட்டார் எஞ்சினுக்குக் கைகொடுக்கும், ஆனால் பெரும்பாலும் தனியாக வண்டியை ஓட்டாது. மிச்சமும் அதற்கேற்பக் குறைவு.

நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் நூறு நூறாகக் கிலோமீட்டர் போகிறவர்களுக்கு ஹைபிரிடின் சாதகம் சுருங்கிவிடுகிறது, ஏனெனில் அங்கே மீட்பதற்குப் பிரேக்கே விழுவதில்லை. அவர்களுக்கு டீசல் இன்னும் நல்ல தேர்வுதான். டீசல் எஞ்சின் இயல்பிலேயே திறன் மிக்கது. ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடப் பத்துச் சதவீதத்துக்கும் சற்றுக் கூடுதலான ஆற்றலும் இருக்கிறது. இருந்தாலும் எரியும்போது ஒரு லிட்டருக்கு 2.7 கிலோ அளவில் கரியமில வாயு வெளியாகிறது. பெட்ரோலுக்கு அது 2.3 கிலோ. பள்ளிக்கு இரண்டு கிலோமீட்டர், கடைக்கு ஒரு கிலோமீட்டர் என்று மட்டுமே ஓட்டுகிறவர்கள் புதிய டீசல் வண்டியைத் தவிர்க்க வேண்டும். அதன் புகைக்குழாயில் உள்ள கரித்துகள் வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள நீண்ட, சூடான ஓட்டம் தேவை. அது கிடைக்காவிட்டால் அடைத்துக்கொண்டு செலவு வைக்கும்.

கேஸ், அதாவது சிஎன்ஜி வண்டியின் எண் கிலோவுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று தரப்படுவது, லிட்டருக்கு அல்ல. ஒரு கிலோ சிஎன்ஜியில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பெட்ரோலின் ஆற்றல் இருக்கிறது. ஆகவே கிலோவுக்கு 26 என்பதை லிட்டருக்கு 20 என்பதோடு ஒப்பிட்டு, கேஸ் வண்டி அதிகம் ஓடுகிறது என்று முடிவுகட்டக் கூடாது. ஆற்றல் கணக்கில் அந்த 26, லிட்டருக்குச் சுமார் 17க்குச் சமம். கேஸ் மலிவாக இருப்பதால் பணம் மிச்சமாகலாம், அது வேறு கணக்கு. ஏழு பேர் குடும்பம் பார்க்க வேண்டிய இன்னொன்று சிலிண்டர் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது. மூன்றாவது வரிசைக்குப் பின்னால் அது இருந்தால் அந்த வண்டிக்கு டிக்கியே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்றாவது வரிசையில் யாரை உட்கார வைப்பது? இரண்டு பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை பொருத்த வேண்டும்; மாமியாருக்கு முழங்கால் வலி.

பதில்: வாங்குவதற்கு முன் குடும்பம் முழுவதையும் ஷோரூமுக்கு அழைத்துப் போய் ஏற்றிப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்கு வழியில்லை. மூன்றாவது வரிசையில் வீட்டிலேயே உயரமானவரை உட்காரச் சொல்லுங்கள். அங்கே தரை மேடேறி இருப்பதால் பல வண்டிகளில் முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, தொடை இருக்கையில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். பத்து நிமிடம் அப்படி இருந்தாலே போதும், அது பெரியவர்களுக்கான இடமா, பிள்ளைகளுக்கான இடமா என்று தெரிந்துவிடும். பின்வரிசைக்குத் தனி ஏசி துளை உண்டா என்றும் பாருங்கள்.

குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கிகள் பல வண்டிகளில் நடுவரிசையின் இரு ஓரங்களில் மட்டுமே இருக்கும். அங்கே இரண்டு குழந்தை இருக்கைகளை மாட்டிவிட்டால் நடுவரிசை மடங்காது. மூன்றாவது வரிசைக்குப் போகும் வழி அடைபடும். நடுவில் நடைபாதை விட்டுத் தனித்தனியாக அமைந்த இருக்கைகள் உங்களுக்கு உதவும். மாமியாருக்கு முன்னிருக்கையோ நடுவரிசையோதான் பொருத்தம். பக்கவாட்டில் நகரும் கதவும் தாழ்ந்த படியும் உள்ள வண்டி என்றால் அவர் யாருடைய கையும் பிடிக்காமல் ஏறி இறங்குவார்.

கேள்வி: ஏழு பேர் ஏறினால் மூட்டை வைக்க இடமில்லை. கூரையில் கேரியர் போட்டால் மைலேஜ் குறையுமா?

பதில்: நன்றாகவே குறையும். கூரைப் பெட்டி மணிக்கு 105 முதல் 120 கிலோமீட்டர் வேகத்தில் எரிபொருள் சிக்கனத்தைப் பத்து முதல் இருபத்தைந்து சதவீதம் வரை குறைக்கக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. நகருக்குள் இது இரண்டு முதல் எட்டுச் சதவீதம்தான். பின்பக்கம் மாட்டும் தட்டில் அதே சாமானை ஏற்றினால் நெடுஞ்சாலையில்கூட இழப்பு ஒன்று முதல் ஐந்து சதவீதத்துக்குள் அடங்கும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறுவதே காரணம்: 90இல் போவதைவிட 120இல் போகும்போது அது ஏறக்குறைய 1.8 மடங்கு. பயணம் முடிந்ததும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். ஆண்டு முழுவதும் வெறும் கேரியரைச் சுமந்து ஓடும் வண்டிகளை எங்கும் பார்க்கலாம். காற்றுக்குத் தீனி போடுவதைத் தவிர அதனால் எந்தப் பயனும் இல்லை.

ஏழு இருக்கை இருப்பதாலேயே ஏழு பெரியவர்களையும் மூட்டைகளையும் அந்த வண்டி தாங்கும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கு 70 கிலோ வீதம் ஏழு பேர் 490 கிலோ. பல ஏழு இருக்கை வண்டிகளின் மொத்தச் சுமைத் திறனே 500 முதல் 600 கிலோ அளவில்தான் இருக்கிறது. இந்த எண் கையேட்டில் இருக்கும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் பல வண்டிகளில் தூணில் டயர் காற்றழுத்தத்துக்கான ஒட்டுத்தாள் தெரியும். அதில் ஓரிருவர் போவதற்கு ஓர் எண்ணும் முழுச் சுமைக்கு அதைவிடக் கூடுதலான ஓர் எண்ணும் போட்டிருப்பார்கள். குடும்பத்தோடு கிளம்பும் முன் இரண்டாவது எண்ணுக்குக் காற்று ஏற்றிக்கொள்ளுங்கள். மைலேஜுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை; காற்றுக் குறைந்த டயர் பாரத்தோடு வேகமாக ஓடினால் சூடேறி வெடிக்கலாம்.

கேள்வி: ஏழு பேருக்கு மின்சார வண்டி சரிப்படுமா?

பதில்: வீட்டில் இரவில் சார்ஜ் ஏற்றும் வசதியும் பெரும்பாலும் ஊருக்குள் ஓட்டமும் இருந்தால் சரிப்படும். மின்மோட்டார் தனக்கு வரும் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்கே கொடுத்துவிடுவதால் ஆற்றல் சிக்கனத்தில் மற்ற எதுவும் இதன் அருகில் வர முடியாது. மூன்று வரிசை மின்சார வண்டிகள் இன்னும் குறைவுதான். கியா ஈவி9 அவற்றில் ஒன்று. அதன் பெரிய மின்கலம் 99.8 கிலோவாட் மணி. முழுச் சுமையோடு நெடுஞ்சாலை வேகத்தில் போனால் சொல்லப்பட்ட தூரம் கிடைக்காது என்பதை மனதில் வைத்து, குடும்பப் பயணத்தின் வழியில் சார்ஜர்கள் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சாதாரண ஹைபிரிடுக்கும் மின்சார வண்டிக்கும் நடுவே, வெளியிலிருந்து சார்ஜ் ஏற்றக்கூடிய பிளக்-இன் ஹைபிரிட் உண்டு. கிரைஸ்லர் பசிஃபிக்கா ஹைபிரிடின் 16 கிலோவாட் மணி மின்கலம் சுமார் 50 கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓட்டும். பள்ளி, அலுவலகம் அதற்குள் முடிந்துவிடும். அதன் பெட்ரோல் வகையில் தரைக்குள் மடங்கி மறையும் நடுவரிசை இருக்கைகள் இதில் மறைவதில்லை, அந்தக் குழியில் மின்கலம் அமர்ந்திருக்கிறது. ஒன்றும் சும்மா கிடைப்பதில்லை. இதைச் சார்ஜ் செய்யாமலே ஓட்டினால், கனமான மின்கலத்தையும் சுமந்துகொண்டு போகும் சாதாரண ஹைபிரிடாகத்தான் அது இருக்கும்.

கேள்வி: பழைய ஹைபிரிட் வண்டி ஒன்று விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: மின்கலத்தின் நிலையைக் கருவி வைத்துச் சோதித்த அறிக்கை கேளுங்கள், தயாரிப்பாளரின் மின்கல உத்தரவாதம் இன்னும் மீதமிருக்கிறதா, அது அடுத்த உரிமையாளருக்கு மாறுமா என்றும் விசாரியுங்கள். பிறகு இருக்கையின் ஓரத்திலோ அடியிலோ இருக்கும் காற்றுத் துளையை நீங்களே குனிந்து பாருங்கள். பல ஹைபிரிட் வண்டிகளில் மின்கலத்தைக் குளிர்விக்கும் விசிறி உள்ளிருக்கும் காற்றைத்தான் அதன் வழியாக இழுக்கிறது. பிள்ளைகள் உள்ள வீட்டு வண்டி என்றால் பிஸ்கட் தூள், தலைமுடி, காகிதத் துண்டு எல்லாம் அந்த வலையில் படிந்திருக்கும். சில வீடுகளில் துளையை மறைத்துப் பையை வைத்தே ஓட்டியிருப்பார்கள். அப்படி அடைபட்ட வண்டியில் மின்கலம் சூட்டிலேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்திருக்கும் என்பதால், அறிக்கை நன்றாக இருந்தாலும் விலையைக் குறைத்துக் கேளுங்கள். வாங்கியபின் அந்த வலையை எண்ணெய் மாற்றும்போதெல்லாம் சுத்தம் செய்யச் சொல்லிவிடுங்கள்.